கடலுக்கடியில் சரிவோரம் ஓடும் ஆறு



சென்ற பருவத்தில் ஒரு நாள். நம்ம ஹைட்ராலிக்ஸ் லேபில் சாய்வுக் கால்வாயில் தண்ணீரை ஓடவிட்டு, பிட்டாட் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, ஒவ்வொரு ஆழத்திலும் வேகம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டிருந்தோம். அடியில் வேகம் குறைவு, மேலே போகப் போக அதிகம். எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். நான் சும்மா இருக்காமல், "சார், கடலுக்கு அடியிலயும் இந்த மாதிரி ஆறு ஓடுமா சார்?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் பேட்ச் மொத்தமும் சிரித்தது. சார் மட்டும் சிரிக்கவில்லை.

"ஓடுது தம்பி. ஆனா நீ நினைக்கிற மாதிரி பள்ளத்தைப் பார்த்து ஓடாது. ஏன்னு கணக்குப் போட்டுக் கொண்டு வா" என்றார்.

இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விடை தப்பு. எப்படித் தப்பாகப் போனது, பிறகு எப்படிச் சரியானது என்பதுதான் இந்தக் கட்டுரை. சிவில் மாணவர்களுக்கு மட்டும் எழுதியதல்ல. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கொஞ்சம் பொறுமையாக என்னோடு வாருங்கள்.

1. இரட்டை மாடி ஜலசந்தி

ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் நடுவில் இருப்பது ஜிப்ரால்டர் ஜலசந்தி. மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 14 கிலோமீட்டர். மேற்கே அட்லாண்டிக் பெருங்கடல், கிழக்கே மத்தியதரைக் கடல். இதன் மேல்மட்டத்தில் அட்லாண்டிக் தண்ணீர் ஓயாமல் கிழக்கு நோக்கி உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. அப்படியானால் மத்தியதரைக் கடல் நிரம்பி வழிய வேண்டாமா?

வழிவதில்லை. காரணம் இரண்டு. ஒன்று, அங்கே வெயிலும் வறண்ட காற்றும் அதிகம். மழையும் ஆறுகளும் கொண்டுவரும் தண்ணீரைவிட ஆவியாகப் போகும் தண்ணீர்தான் அதிகம். இரண்டாவது காரணம்தான் நம் கதாநாயகன். மேலே உள்ளே போகும் நீரோட்டத்துக்கு அடியில் இன்னொரு நீரோட்டம் வெளியே வந்துகொண்டிருக்கிறது. ஆவியாகிப் போனதால் மிஞ்சிய உப்பு கனத்துக் கீழே இறங்கி, அட்லாண்டிக்கை நோக்கி ஓடுகிறது.

உள்ளே போகும் தண்ணீரில் கிலோவுக்கு 36.2 கிராம் உப்பு. வெளியே வரும் தண்ணீரில் 38.4 கிராம். உள்ளே போகிற உப்பும் வெளியே வருகிற உப்பும் சமமாக இருந்தால்தான் கடலின் உப்பு வருடா வருடம் ஏறாமல் நிற்கும். எனவே,

உள்வரத்து ÷ வெளியேற்றம் = 38.4 ÷ 36.2 = 1.06

அளவீடுகளின்படி வெளியேற்றம் வினாடிக்கு ஏறத்தாழ 8 லட்சம் கன மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் 2.8 கோடி கன அடி! உலகத்தின் மிகப் பெரிய ஆறான அமேசான் கொண்டுவருவதே வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கன மீட்டர்தான். ஆக, நான்கு அமேசான்கள் யார் கண்ணுக்கும் தெரியாமல் அடியில் ஓடுகின்றன.

உள்வரத்து 8.5 லட்சம் என்று வரும். வித்தியாசம் வினாடிக்கு 50,000 கன மீட்டர். இதை ஒரு வருடத்துக்குப் பெருக்கி, மத்தியதரைக் கடலின் பரப்பான சுமார் 25 லட்சம் சதுர கிலோமீட்டரால் வகுத்தால் 63 சென்டிமீட்டர். அதாவது மழையும் ஆறும் போக, வருடத்துக்கு அரை மீட்டருக்கு மேல் நிகரமாக ஆவியாகிறது. உப்பை மட்டும் அளந்து ஆவியாதலைக் கண்டுபிடித்துவிட்டோம், பார்த்தீர்களா!

2. மீனவர்கள் முதலில் அறிந்தார்கள்

அடியோட்டம் என்ற விஷயத்தை முதலில் கண்டவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். கருங்கடலையும் மர்மரா கடலையும் இணைக்கும் போஸ்பரஸ் ஜலசந்தியில், மேல் தண்ணீர் ஒரு பக்கம் இழுக்க, ஆழத்தில் இறக்கிய வலை எதிர்ப்பக்கம் இழுபடுவதை அங்குள்ள மீனவர்கள் அறிந்திருந்தார்கள். 1679-இல் கான்ஸ்டான்டினோபிளுக்கு வந்த லூயிஜி மர்சிக்லி என்ற இத்தாலிய இளைஞர் அந்தப் பேச்சைக் காதில் வாங்கினார். ஒரு கயிற்றில் வெள்ளை வர்ணம் அடித்த தக்கைகளை இடைவெளி விட்டுக் கட்டி, நுனியில் ஈயக் குண்டு தொங்கவிட்டுத் தண்ணீரில் இறக்கினார். மேல் தக்கைகள் ஒரு திசையில் சாய்ந்தன. கீழே போகப் போக அதே கயிறு எதிர்த்திசையில் வளைந்தது.

அதோடு விடவில்லை. ஒரு தொட்டியின் நடுவே தடுப்பு வைத்து, ஒரு பக்கம் கனமான உப்புநீர், மறுபக்கம் இலேசான நீர் ஊற்றி, தடுப்பில் மேலே ஒரு துளையும் கீழே ஒரு துளையும் திறந்து காட்டினார். கீழ்த்துளை வழியே கனமான நீர் போனது, மேல்துளை வழியே இலேசான நீர் வந்தது. 1681-இல் இதை நூலாகவும் வெளியிட்டார். அவர் பயன்படுத்தியது கயிறு, தக்கை, ஈயம், தொட்டி. நம் லேபில் இல்லாதது ஏதாவது இதில் இருக்கிறதா?

ஜிப்ரால்டரில் இதே கேள்வி வெகு காலம் விவாதமாகவே இருந்தது. 1871-இல் வில்லியம் கார்ப்பென்டர், ஷியர்வாட்டர் என்ற கப்பலில் போய் அங்கே அடியோட்டத்தை நேரில் ஆராய்ந்தார்.

3. இன்று எப்படி அளக்கிறார்கள்?

ஆயிரம் மீட்டர் ஆழத்தில் பிட்டாட் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. எனவே வேறு வழிகள்.

முதல் வழி, மிதவை. 1955-இல் ஜான் ஸ்வாலோ என்ற ஆங்கிலேயர், கட்டடச் சாரத்துக்குப் பயன்படும் அலுமினியக் குழாயை எடுத்து, அதன் சுவரைக் காஸ்டிக் சோடாவில் அரித்து மெலிதாக்கி, இரு முனையையும் அடைத்து மிதவை செய்தார். குழாய் கடல்நீரைவிடக் குறைவாக அமுங்கும்படி பார்த்துக்கொண்டதால், அது குறிப்பிட்ட ஆழம் வரை இறங்கி அங்கேயே நின்றுவிடும். உள்ளிருந்து வரும் ஒலியைக் கப்பலில் இருந்தபடி கேட்டு, மிதவை எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். சாரக்கட்டுக் குழாயில் பெருங்கடலை அளந்தவர் அவர்.

இரண்டாவது வழி எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு. காந்தப் புலத்தில் கடத்தி நகர்ந்தால் மின்னழுத்தம் தோன்றும் என்பது ஃபாரடே விதி. கடல்நீர் ஒரு கடத்தி, பூமி ஒரு காந்தம். எனவே ஓடும் கடல்நீரில் மின்னழுத்தம் இருந்தே ஆக வேண்டும். 1832-இல் ஃபாரடேயே லண்டனில் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றில் தகடுகளை இறக்கி இதை அளக்க முயன்றார், சரியாக அமையவில்லை. அதே தத்துவத்தில் இன்று ஒரு கருவி இருக்கிறது. கப்பலிலிருந்து போட்டால் சுழன்றபடியே வினாடிக்குச் சுமார் நாலரை மீட்டர் வேகத்தில் விழும். திரும்ப எடுப்பதில்லை, மெல்லிய கம்பி வழியாகச் செய்தி வந்துவிடும். அதன் மின்முனைகளுக்கு இடையே 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீரின் வேகம் வினாடிக்கு 1 மீட்டர், புவிக்காந்தத்தின் செங்குத்துப் பகுதி 0.000033 டெஸ்லா. மூன்றையும் பெருக்கினால் 1.65 மைக்ரோவோல்ட். இவ்வளவு சிறிய அழுத்தத்தைப் படிக்கிறார்கள்!

மூன்றாவது வழி, டாப்ளர் விளைவு. ஒலியை அனுப்பினால் நீரில் மிதக்கும் நுண்துகள்களில் பட்டுத் திரும்பும். துகள் நகர்ந்தால் அதிர்வெண் மாறும். 300 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு, ஒலிக்கற்றையின் திசையில் வினாடிக்கு 1 மீட்டர் வேகம் இருந்தால் மாற்றம் 400 ஹெர்ட்ஸ். எதிரொலி வரும் நேரத்தை வைத்து ஆழத்தைப் பிரித்துவிடலாம். எனவே ஒரே நேரத்தில் எல்லா ஆழத்தின் வேகமும் கிடைத்துவிடும்.

1988-இல் ஜிப்ரால்டருக்கு மேற்கே காடிஸ் வளைகுடாவில் அமெரிக்க ஆய்வாளர்கள் விழும் கருவிகளை வரிசை வரிசையாகப் போட்டு, இந்த அடியோட்டத்தின் வேகத்தை மேலிருந்து கீழ் வரை அளந்தார்கள். நாம் கீழே பார்க்கப்போகும் படம் அப்படிக் கிடைத்ததுதான்.

4. நான் போட்ட தப்புக் கணக்கு

ஜலசந்தியின் அடித்தரையில் சுமார் 280 மீட்டர் ஆழத்தில் ஒரு மேடு இருக்கிறது, வீட்டு வாசற்படி மாதிரி. அதைத் தாண்டியதும் கனமான நீர் அட்லாண்டிக்கின் கண்டச்சரிவில் கால் வைக்கிறது. கணக்குக்காக இப்படி எடுத்துக்கொண்டேன்:

சுற்றியுள்ள நீரைவிட அடர்த்தி அதிகம்: கன மீட்டருக்கு 1 கிலோ
தரையின் சரிவு: 100-க்கு 1
நீரோட்டத்தின் தடிமன்: 100 மீட்டர்
உராய்வு எண்: 0.003

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்றுக்கு அடியில் ஓடும் ஆற்றை முழு ஈர்ப்பும் இழுக்கிறது. ஆனால் தண்ணீருக்கு அடியில் ஓடும் தண்ணீரை எடை வித்தியாசம் மட்டும்தான் இழுக்கும். கிணற்றில் வாளி நீருக்குள் இருக்கும்வரை கனம் தெரியாது அல்லவா, அதே கதை. எனவே,

குறைந்த ஈர்ப்பு = 9.81 × 1 ÷ 1030 = 0.0095

சாதாரண ஈர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதைச் சரிவான 0.01-ஆல் பெருக்கினால் இழுக்கும் முடுக்கம் 0.000095. வகுப்பில் செஸி சூத்திரம் வருவித்தபோது செய்தது போலவே, இழுப்பும் உராய்வும் சமம் என்று வைத்தேன்.

வேகத்தின் வர்க்கம் = 0.000095 × 100 ÷ 0.003 = 3.17
வேகம் = வினாடிக்கு 1.78 மீட்டர்

திசை? பள்ளத்தை நோக்கி நேராக. 700 மீட்டர் இறங்க 70 கிலோமீட்டர், பதினோரு மணி நேரம். பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன். சார் பார்த்தார்.

"கணக்கு சுத்தமா இருக்குப்பா. ஆனா பூமி சுத்துதுன்னு உனக்கு யாரும் சொல்லலையா?"

பேட்ச் மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை சாரும் சேர்ந்து சிரித்தார்.

5. சரியான கணக்கு

பூமி சுழல்வதால் நகரும் பொருள் எதுவும் வட அரைக்கோளத்தில் தன் வலப்பக்கம் ஒதுங்கும். இதைக் கோரியாலிஸ் விசை என்கிறோம். இதன் அளவு வேகத்தையும், அந்த இடத்தின் அட்சரேகையையும் பொறுத்தது. ஜிப்ரால்டர் இருக்கும் 36 பாகையில் கோரியாலிஸ் எண் வினாடிக்கு 0.0000857.

இது இத்தனூண்டு எண். இதற்கா பயப்பட வேண்டும்? இதைத் தலைகீழாக்கிப் பாருங்கள்: சுமார் 11,700 வினாடி, மூன்றேகால் மணி நேரம். இவ்வளவு நேரத்துக்கு மேல் நீடிக்கும் ஓட்டம் எதுவும் பூமியின் சுழற்சியை உணரும். லேபில் நம் கால்வாயில் தண்ணீர் சில வினாடியில் ஓடி முடிந்துவிடுகிறது, அதனால் உணர்வதில்லை. வாஷ்பேசினில் தண்ணீர் ஒரே பக்கம் சுழல்வது பூமியால்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாட்கணக்காக ஓடும் கடல் விஷயம் வேறு.

சரிவில் இறங்கத் தொடங்கும் நீர் வலப்பக்கம் திரும்பிக்கொண்டே போய், கடைசியில் சரிவுக்குக் குறுக்காக, மேட்டைத் தன் வலக்கையில் வைத்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கிறது. அப்போது பள்ளம் இடப்பக்கம் இழுக்கிறது, கோரியாலிஸ் வலப்பக்கம் இழுக்கிறது. இரண்டும் சமம். உராய்வே இல்லை என்று வைத்தால்,

வேகம் = குறைந்த ஈர்ப்பு × சரிவு ÷ கோரியாலிஸ் எண்
= 0.000095 ÷ 0.0000857 = வினாடிக்கு 1.1 மீட்டர்

அப்படி ஓடும் நீர் ஒரு மீட்டர்கூட இறங்காது! மலையோரச் சாலையில் ஒரே மட்டத்தில் போகும் பேருந்து போலப் போய்க்கொண்டே இருக்கும்.

இப்போது உராய்வைச் சேர்ப்போம். உராய்வு வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறைந்தால் கோரியாலிஸ் குறைகிறது. பள்ளத்தின் இழுப்போ அப்படியே இருக்கிறது. எனவே நீர் கொஞ்சம் பள்ளத்துப் பக்கம் சாய்கிறது. எத்தனை பாகை சாயும்? உராய்வு ÷ கோரியாலிஸ் என்ற விகிதம்தான் அந்தச் சாய்கோணத்தின் டேன்ஜென்ட். மேலே கொடுத்த எண்களைப் போட்டால் வேகம் வினாடிக்கு 1.04 மீட்டர், விகிதம் 0.36, கோணம் சுமார் 20 பாகை. கிலோமீட்டருக்கு 3.4 மீட்டர் இறக்கம். 700 மீட்டர் இறங்க 200 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

நிஜத்திலும் அப்படித்தான். ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் தெற்குச் சரிவை ஒட்டியே இந்த நீர் மேற்கே ஓடி, சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி செயின்ட் வின்சென்ட் முனையில் வடக்கே திரும்புகிறது. அதற்குள் ஆயிரம் மீட்டர் ஆழத்தை எட்டிவிடுகிறது.

இங்கே எனக்கு ஆச்சரியமாகப் பட்ட விஷயம் இதுதான்: சாலையில் உராய்வு வண்டியை நிறுத்தும். இங்கே உராய்வு இருந்தால்தான் தண்ணீர் இறங்கவே முடியும்.

6. வேகத்தின் மூன்று அடுக்குகள்

இதுவரை நீரோட்டம் முழுவதற்கும் ஒரே வேகம் என்று வைத்தோம். உண்மையில் ஆழத்துக்கு ஆழம் மாறும். நமக்குத் தெரிந்த ஓட்டங்களோடு ஒப்பிடுவோம்.

குழாய் முழுக்க ஓடும் நீர்: அதிக வேகம் நடுமையத்தில். சுற்றிலும் சுவர் பிடிக்கிறது.
திறந்த கால்வாய்: அதிக வேகம் மேற்பரப்பில், அல்லது அதற்குச் சற்றுக் கீழே. தரை மட்டும் பிடிக்கிறது.
சரிவோர அடியோட்டம்: அதிக வேகம் தரைக்கும் மேல் எல்லைக்கும் இடையில். கீழே தரை பிடிக்கிறது, மேலே நிற்கும் நீரும் பிடிக்கிறது.

வரைபடமாக வரைந்தால் மூக்கு போலத் துருத்திக்கொண்டு இருக்கும். மூக்குக்குக் கீழே ஓர் அடுக்கு, மூக்கு ஓர் அடுக்கு, மூக்குக்கு மேலே ஓர் அடுக்கு.

கீழ் அடுக்கு: தரையை ஒட்டிய பகுதி. இங்கே உயரத்தின் லாகரிதத்துக்கு ஏற்ப வேகம் கூடுகிறது. உயரம் பத்து மடங்கானால் வேகம் ஒரே அளவு கூடும். இந்த அடுக்கில் நீரின் திசையும் மாறுகிறது. தரையை நெருங்க நெருங்க வேகம் குறைவு, எனவே கோரியாலிஸ் குறைவு, எனவே பள்ளத்துப் பக்கம் அதிகச் சாய்வு. அதாவது ஒரே இடத்தில் அடிநீர் ஒரு திசையில், மேல்நீர் இன்னொரு திசையில் போகிறது.

மூக்கு: வேகம் உச்சத்தில் இருக்கும் இடம். இங்கே ஷியர் ஸ்ட்ரெஸ் பூஜ்யம். ஜலசந்திக்குச் சற்று மேற்கே இந்த உச்ச வேகம் வினாடிக்கு 1 மீட்டருக்கும் மேல். மேற்கே போகப் போகக் குறைந்துவிடுகிறது.

மேல் அடுக்கு: கனமான நீருக்கும் இலேசான நீருக்கும் இடைப்பட்ட எல்லை. ஜலசந்தி அருகே மேல்நீர் எதிர்த்திசையில் ஓடுவதால் இங்கே வேக வித்தியாசம் மிக அதிகம். நம் நீரோட்டத்தின் தலையெழுத்து எழுதப்படுவது இந்த அடுக்கில்தான். அதைச் சொல்லும் முன் ஒரு மாதிரிக் கணக்கு.

மாதிரிக் கணக்கு: தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் வேகம் வினாடிக்கு 0.60 மீட்டர், 20 மீட்டர் உயரத்தில் 0.92 மீட்டர். தரையின் ஷியர் ஸ்ட்ரெஸ் என்ன?

வேக வித்தியாசம் 0.32. உயரம் சரியாகப் பத்து மடங்கு, பத்தின் இயல் லாகரிதம் 2.303. கார்மன் மாறிலி 0.4.
உராய்வு வேகம் = 0.4 × 0.32 ÷ 2.303 = 0.0556
ஷியர் ஸ்ட்ரெஸ் = 1030 × 0.0556 × 0.0556 = 3.2 பாஸ்கல்

ஒரு சதுர மீட்டரில் 330 கிராம் எடை அளவுக்கு இழுப்பு. இது பெரிதா சிறிதா? வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் நல்ல காற்று கடல் மேற்பரப்பை இழுப்பது சுமார் 0.15 பாஸ்கல்தான். அதைப் போல் இருபது மடங்கு, வெளிச்சமே போகாத ஆழத்தில்! தரையைத் தொடாமல், மேலே இரண்டு இடத்தில் வேகம் அளந்தே தரையின் இழுப்பைக் கண்டுபிடித்துவிட்டோம். லேபில் எடுத்த அளவுகளிலும் இதைப் போட்டுப் பாருங்கள்.

7. மூழ்கியிருக்க வேண்டியது ஏன் மிதக்கிறது?

இனிதான் முக்கியமான புதிர். ஜிப்ரால்டர் மேட்டைத் தாண்டும்போது மத்தியதரைக் கடல்நீர் அவ்வளவு கனம். கலக்காமல் அப்படியே போனால் அட்லாண்டிக்கின் அடித்தளத்துக்கே போய்ப் படுத்திருக்க வேண்டும். ஆனால் சுமார் ஆயிரம் மீட்டரிலேயே சரிவை விட்டுப் பிரிந்து, நடு ஆழத்தில் பரவி நின்றுவிடுகிறது. ஏன்?

மேல் அடுக்கைப் பாருங்கள். இலேசான நீர் மேலே, கனமான நீர் கீழே என்பது நிலையான அமைப்பு. அதைக் கலைக்க வேக வித்தியாசம் முயல்கிறது. இருவரில் யார் வெல்வார் என்று சொல்வது ரிச்சர்ட்சன் எண்.

ரிச்சர்ட்சன் எண் = குறைந்த ஈர்ப்பு × எல்லையின் தடிமன் ÷ வேக வித்தியாசத்தின் வர்க்கம்

இது கால் பங்குக்கு மேல் எங்கும் இருந்தால் அடுக்கு கலையாது என்று 1961-இல் மைல்ஸ், ஹவர்ட் இருவரும் நிறுவினார்கள். கால் பங்குக்குக் கீழே போனால் அலைகள் எழுந்து, சுருண்டு, உடைய வழி பிறக்கிறது. நம் எண்களில் வேக வித்தியாசம் வினாடிக்கு 1 மீட்டர், தடிமன் 25 மீட்டர் என்றால் ரிச்சர்ட்சன் எண் 0.24. கலங்கிவிடும்! கலங்கியதால் எல்லை 50 மீட்டராகத் தடித்தால் 0.48. அமைதி திரும்பும். சரிவு திடீரென்று செங்குத்தாகி வேகம் கூடினால் மறுபடியும் கலங்கும்.

நமக்குப் பழக்கமான ஃப்ரூடு எண்ணாலும் சொல்லலாம். ஸ்பில்வே பாடத்தில் வருகிற அதே எண்தான், ஈர்ப்புக்குப் பதில் குறைந்த ஈர்ப்பு. நம் நீரோட்டத்துக்கு 1.04 ÷ 0.975 = 1.07. ஒன்றைத் தொட்டு நிற்கிறது. ஒன்றை எட்டும் இடங்களில்தான் கலப்பு பலமாக நடக்கிறது.

இப்படிக் கலங்கும்போது கீழ் நீரோட்டம் மேல்நீரைத் தன்னோடு இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. பாலில் தண்ணீர் சேர்ந்தது போல அளவு பெருகும், கனம் குறையும். ஒரு வாளி மத்தியதரை நீரில் 38.4 கிராம் வீதம் உப்பு, இரண்டு வாளி அட்லாண்டிக் நீரில் 35.8 கிராம் வீதம் உப்பு என்றால், கலந்தபின் 36.7. சரிவை விட்டுப் பிரியும் இடத்தில் ஏறத்தாழ இந்த அளவில்தான் உப்பு இருக்கிறது. புறப்பட்டதுபோல் இரண்டு மூன்று மடங்கு பெருத்து, கனத்தை இழந்து, தனக்குச் சமமான அடர்த்தியுள்ள ஆழம் வந்ததும் நின்றுவிடுகிறது.

வடக்கே கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே டென்மார்க் ஜலசந்தியிலும் இதே போன்ற ஒரு குளிர்ந்த நீரோட்டம் வினாடிக்குச் சுமார் 30 லட்சம் கன மீட்டர் வழிகிறது. அது புறப்படும்போது மத்தியதரை நீரைவிடக் கனம் குறைவு. ஆனாலும் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கி அட்லாண்டிக்கின் ஆழ்நீராகிறது. சுற்றியுள்ள நீரோடு அதற்கு எடை வித்தியாசம் குறைவு, அதனால் கலப்பும் குறைவு, அதனால் கனம் மிஞ்சுகிறது. மத்தியதரை நீருக்கோ எடை வித்தியாசம் அதிகம், வேகம் அதிகம், கலப்பும் அதிகம். ஆக அதிகக் கனத்தோடு புறப்பட்டது பாதியில் நிற்கிறது, குறைந்த கனத்தோடு புறப்பட்டது அடிவரை போகிறது. வேகம் எந்த ஆழத்தில் எவ்வளவு என்று தெரியாமல், கனத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் முழுக்கத் தப்பாகிவிடும். உலகக் கடல்கள் வெப்பத்தை எப்படிச் சுமந்து செல்கின்றன என்று கணிக்கும் கணினி மாதிரிகளுக்கு இந்தக் கலப்பைச் சரியாகச் சொல்லித் தருவது இன்றும் கடினமான வேலைதான்.

8. மணல் சொல்லும் சாட்சி

வேகத்துக்கு இன்னொரு சாட்சி கடலடித் தரை. ஜலசந்தி அருகே வேகம் அதிகம், அங்கே பாறையும் சரளையும்தான் தங்கும். மேற்கே போகப் போக மணல், பிறகு வண்டல். ஆற்றங்கரை மணலை வைத்து வெள்ளத்தின் வேகத்தைச் சொல்வோமே, அது போல. 2011-12-இல் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு காடிஸ் வளைகுடாவின் தரையைத் துளையிட்டு மண் தூண்களை எடுத்தது. அடுக்கடுக்காக இருக்கும் அந்த மண்ணில், பல லட்சம் ஆண்டுகளில் இந்த நீரோட்டம் எப்போது வலுத்தது, எப்போது தளர்ந்தது என்ற நாட்குறிப்பு இருக்கிறது.

9. நீங்களே செய்து பாருங்கள்

வேண்டியவை: கண்ணாடி மீன் தொட்டி, ஒரு பலகை, புனல், ரப்பர் குழாய், சமையல் உப்பு, நீல மை.

பலகையைத் தொட்டிக்குள் சாய்வாக வையுங்கள். நல்ல தண்ணீரை நிரப்பி அசையாமல் விடுங்கள். ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் உப்பும் கொஞ்சம் மையும் கலந்து, புனல் குழாய் வழியாகப் பலகையின் மேல் முனையில் மெதுவாக விடுங்கள். நீல நீர் பலகையை ஒட்டியபடி இறங்கும். அதன் தலை உருண்டு தடித்திருக்கும். மேல் எல்லையில் சின்னச் சின்னச் சுருள்கள் எழுந்து உடையும். அதுதான் நாம் சொன்ன கலப்பு. பலகையின் சாய்வைக் கூட்டி மறுபடி செய்யுங்கள், சுருள் அதிகமாகும். இங்கே நீர் நேராகத்தான் இறங்கும், வலப்பக்கம் திரும்பாது. ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

முடிவுரை

1920-களின் இறுதியில் ஹெர்மன் சோர்கல் என்ற ஜெர்மானியக் கட்டடக் கலைஞர், ஜிப்ரால்டருக்குக் குறுக்கே அணை கட்டி, மத்தியதரைக் கடலின் மட்டத்தை இறக்கி, புதிய நிலமும் மின்சாரமும் எடுக்கலாம் என்று பெரிய திட்டம் வரைந்தார். கடல் வருடத்துக்கு 63 சென்டிமீட்டர் வீதம் குறைந்தாலும், 100 மீட்டர் இறங்க 150 வருடத்துக்கு மேல் ஆகும். அதைவிடப் பெரிய சங்கதி, அணை அடியோட்டத்தையும் அடைத்துவிடும். உப்பு வெளியே போக வழியில்லாமல் கடலுக்குள்ளேயே சேர்ந்துகொண்டே போகும். நல்லவேளை, அந்த அணை காகிதத்திலேயே நின்றுவிட்டது.

நாளைக்கு நாம் பாலம், அணை, துறைமுகம் என்று எங்கோ வேலைக்குப் போவோம். மேலே ஓடும் தண்ணீரை எல்லோரும் பார்ப்பார்கள். அடியில் ஓடுவதை அளந்து பார்ப்பவன்தான் பொறியாளன். என் தப்புக் கணக்கு எழுதிய தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். லேபில் சிரித்த நண்பர்களுக்கும், சிரிக்காமல் "கணக்குப் போட்டுக் கொண்டு வா" என்ற சாருக்கும் நன்றி.

பயிற்சி வினாக்கள்

1. அட்சரேகை 60 பாகையில் கோரியாலிஸ் எண் 0.000126. அடர்த்தி வித்தியாசமும் சரிவும் மேலே உள்ளதுபோலவே இருந்தால், உராய்வில்லா வேகம் என்ன?
2. நீரோட்டத்தின் தடிமன் 200 மீட்டர், வேகம் வினாடிக்கு 0.3 மீட்டர் ஆனால் 36 பாகையில் சாய்கோணம் கூடுமா, குறையுமா?
3. தென் அரைக்கோளத்தில் இதே நீரோட்டம் மேட்டை எந்தக் கையில் வைத்துக்கொண்டு ஓடும்?

(விடைகள்: 1. வினாடிக்குச் சுமார் 0.76 மீட்டர். 2. குறையும், சுமார் 3 பாகை. 3. இடக்கையில்.)

மூன்றாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு